லாரியின் மேல் ஏறி நீ தேடியது

என் அன்பு மச்சான் ஜெரால்டு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருடம் பேசியிருக்கிறோம், பேசாமல் விட்டது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு அந்த நினைப்பு போனது. அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, மச்சான். உன்மேல் கோபம் வருகிறது. கோபம் வந்த உடனே நீ இல்லை என்பதும் ஞாபகம் வருகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. ஸ்டெல்லா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன் மகள் கிரேஸ் வளர்ந்துவிட்டாள், தனி அறை கேட்கிறாள். இருக்கிற ஒரே அறை உன் இசைத்தட்டு அறைதான். “அண்ணே, தட்டெல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஒங்க ரெண்டு பேருக்குத்தான் அது சொத்து. எனக்குத் தூசி தட்டத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது” என்றாள் என் தங்கை. சனிக்கிழமை காலை அட்டைப்பெட்டிகளோடு புலாவ் செபாங்கில் உன் வீட்டுக்கு வந்தேன்.

உன் அலமாரி நீ வைத்தபடியே இருந்தது. சோல் இசைத்தட்டுகள் மேல் மூன்று அடுக்கில், ஏழு அங்குலத் தட்டுகள் தனியாக, கீழே சாமிப் பாட்டு. இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சோல் என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயப் பாட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த பாட்டு. காதலைப் பாடினாலும் ஜெபம் மாதிரி இருக்கும். சுங்கை ஊடாங் பக்கம் பட்டாள முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இருந்த காலத்தில் அந்தத் தட்டுகள் பெட்டி பெட்டியாக மலாக்காவுக்கு வந்தன. அவர்கள் ஊர் திரும்பும்போது சமையல் செய்தவர்களுக்கும் துணி வெளுத்தவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வீடுகளின் கட்டிலுக்கு அடியிலிருந்துதான் நீயும் நானும் சேர்த்தோம். பெரிய பாடகர்கள் நமக்கு வேண்டாம். ஒரே ஒரு தட்டு பாடிவிட்டு, யாரும் வாங்காமல், பேரே தெரியாமல் போனவர்கள்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட ஒன்றுக்கு நாம் வைத்த பேர்தான் ‘நீலம்’. நீல லேபிள் ஒட்டிய ஏழு அங்குலத் தட்டு. பாடியது ஒரு பெண். அவள் பாடிய வேறு தட்டு எங்கேயும் இல்லை. இரண்டாவது அடியில் அவள் குரல் உடையும். உடைந்ததை மறைக்காமல் அப்படியே பாடிக்கொண்டு போவாள். அந்த இடம் வரும்போது நீ கையில் இருக்கிற கிளாஸைக் கீழே வைத்துவிடுவாய். அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் சுப்ரா அண்ணன்.

சுப்ரா அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிம்பாங் அம்பாட்டில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, எஸ்டேட்டை மூடியபோது வந்த பணத்தில் ஒரு பழைய லாரி வாங்கியவர். நம்மைவிட பதினெட்டு வயது மூத்தவர். வீடு காலி செய்கிறவர்கள், பெரியவர்கள் இறந்துபோன குடும்பங்கள், எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தட்டு கிடைத்தால் வேறு யாருக்கும் காட்டாமல் அலோர் காஜாவுக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவருவார். சோல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. “ஒங்க கத்துற பாட்டு வந்திருக்கு தம்பி” என்பார். எட்டு வருடம் அப்படி வந்தார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தபோது, நீலம் காணாமல் போனது. அன்று சனிக்கிழமை. காலையில் சுப்ரா அண்ணன் ஒரு பெட்டி தட்டோடு வந்தார். அவரை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு நான் கடைக்குப் போய் தே தாரேக் டீ வாங்கி வந்தேன். பத்து நிமிடம். அவர் போன பிறகு மத்தியானம் நீலத்தைத் தேடினேன், இல்லை. வேறு யார் வந்தார்கள்? யாரும் இல்லை. உன்னிடம் என் வீட்டுச் சாவி இருந்தது. ஆனால் நீ என் வீட்டுப் பிள்ளை. உன்னை யார் கணக்கில் எடுப்பார்கள்?

சுப்ரா அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். “நான் எடுக்கல தம்பி” என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் பூசை முடிந்து நீயும் நானும் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து உணவுக்கடை நிறைய ஆட்கள். எல்லார் முன்னாலும் நான் அவரைக் கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை. அவர் கடையைப் பார்க்க வேண்டும் என்றேன், லாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவரே லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

லாரிமேல் ஏறியது நீ, மச்சான். எனக்கு முட்டிவலி. நீதான் ஏறினாய். பழைய நாற்காலிகளை நகர்த்தி, மெத்தையைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் தேடினாய். வேர்த்து நனைந்து இறங்கி, “இல்ல மச்சான், வாங்க போவோம்” என்றாய்.

சரி, இப்போது மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும்போது ஒவ்வொரு உறையையும் திறந்து உள்ளே சரியான தட்டுதான் இருக்கிறதா என்று பார்த்தேன். அது நம் பழக்கம். கீழ் அடுக்கில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று, பெரிய தட்டு. அதன் உறை கொஞ்சம் உப்பியிருந்தது. சாய்த்தேன். பெரிய தட்டோடு சின்னது ஒன்றும் நழுவி என் மடியில் விழுந்தது.

நீல லேபிள். வெயிலில் வாடி, அப்பளம் மாதிரி வளைந்து போயிருந்தது. அதன் காகித உறையில் பென்சிலில் எழுதியிருந்தது: ‘சுப்ரா அண்ணன், சிம்பாங் அம்பாட்.’ என் கையெழுத்து. எந்தத் தட்டு யாரிடமிருந்து வந்தது என்று நான்தான் அப்படி எழுதிவைப்பேன், உனக்குத் தெரியும்.

இது வேறு பிரதி என்று நினைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து விடவில்லை. ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறதா என்று பயந்துபோய்க் கேட்டாள். உனக்கு அப்படித்தானே நடந்தது, வேலை இடத்தில், நாற்பத்தாறு வயதில். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அந்தப் பயம்தான்.

தட்டைக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கிறிஸ்துமஸ் தட்டைப் போடச்சொல்லி ஒவ்வொரு வருடமும் கேட்பாளாம். கீறல் விழுந்துவிட்டது என்று நீ சொல்வாயாம். பன்னிரண்டு கிறிஸ்துமஸ். எப்படி முடிந்தது உன்னால்?

லாரியில் நீ என்ன தேடினாய், மச்சான்? அந்தத் தட்டு அப்போது உன் வீட்டில் இருந்தது. மெத்தைக்கு அடியில் கையை விட்டபோது உன் மனதில் என்ன இருந்தது? இந்த மூன்று வாரமாக அந்த ஒரு காட்சிதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நீ வேர்த்து இறங்குகிறாய். அவர் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கோயிலில் சொன்னேன். மலாக்கா டவுனில் தட்டு சேர்க்கிறவர்கள் கூடும் காப்பிக்கடையில் சொன்னேன். வீட்டுக்குள் விடாதீர்கள், கை சுத்தமில்லை என்றேன். பழைய சாமான்காரரை வீட்டுக்குள் விடவில்லை என்றால் அவருக்கு என்ன பிழைப்பு? அடுத்த வருடமே லாரியை விற்றுவிட்டு, கடலோரத்தில் இருக்கிற கோலா சுங்கை பாருவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். குற்றமுள்ள மனசு, ஊரில் இருக்க முடியவில்லை என்று சொன்னேன். அதுவும் உன்னிடம்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவரைத் தேடிப் போனேன். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற இடத்தில் வேலை செய்கிறார் என்று சொன்னார்கள். அறுபது தாண்டிய மனிதர், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐஸ் கட்டியை இயந்திரத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார், ஆனால் நீட்டவில்லை.

என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுத் தட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னும் வச்சிருந்தானா?” என்றார்.

எனக்கு அது விளங்க ஒரு நிமிடம் ஆனது. அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

படகுத்துறைப் பக்கம் ஒரு பலகையில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்துவதற்கு நீ இல்லை. நீலத்தைக் கல்யாண விருந்தில் போட வேண்டும், எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் தெரியாமல் செய்ய வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாயாம். வெள்ளிக்கிழமை நான் ஆபீசில் இருக்கும்போது எடுத்துக்கொண்டு போய், சிடியில் ஏற்றித் தர தம்பின் டவுனில் ஒரு ஆளைத் தேடினாயாம். அந்த ஆள் வீட்டில் இல்லை. மறுநாள் தட்டைக் காரிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். நீ வேலை பார்த்த ரயில்வே ஸ்டேஷன் வெளியே, நடு வெயிலில். திரும்பி வந்து பார்த்தபோது தட்டு வளைந்துவிட்டது.

அவ்வளவுதானா மச்சான்? அதற்காகவா? என்னிடம் வந்து சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நீ சொல்ல வருவதற்குள் நான் திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன்.

“ரெண்டு நாள் கழிச்சு வந்தான்,” என்றார் சுப்ரா அண்ணன். “லாரி டயர்ல ஒக்காந்து அழுதான். ஒங்ககிட்ட சொல்லப் போறேன்னான். நான்தான் வேணாம்னேன். அப்பா இல்லாத பொண்ணு, ஒங்க கோவம் எனக்குத் தெரியும், கல்யாணத்த நிப்பாட்டுனாலும் நிப்பாட்டிருவீங்க. முடியட்டும், அப்புறம் நீயே சொல்லிருன்னேன்.”

“அப்புறமும் சொல்லலையே அண்ணே.”

“சொல்லல. தீபாவளிக்குத் தீபாவளி வந்து பலகாரம் குடுத்துட்டுப் போவான். நாலு வருசம் வாங்கிக்கிட்டேன். அஞ்சாவது வருசம் வராதேன்னுட்டேன்.”

கல்யாணமான புதிதில் நீ தீபாவளிக்குத் தீபாவளி கோலா சுங்கை பாருவுக்கு மீன் வாங்கப் போகிறேன் என்பாயே. ஸ்டெல்லா கேட்டால் நான்தான் சொல்வேன், அவனுக்குக் கடல் பிடிக்கும் என்று.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அவன் பயந்தான், சார். பயந்தவன எனக்குப் புரியும். நீங்க ஏன்? எட்டு வருசம் ஒங்க வீட்டுல ஒக்காந்து டீ குடிச்சிருக்கேன். ஒரு மத்தியானத்துல நான் திருடன்னு எப்படி முடிவாச்சு ஒங்களுக்கு?”

சார் என்றார், மச்சான். அதுவரைக்கும் நான் அவருக்குத் தம்பியாக இருந்தேன்.

என்னிடம் பதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அவர் லாரிக்காரர், பழைய சாமான்காரர், எஸ்டேட் ஆள். நான் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. திருடு என்றதும் என் கண் வேறு பக்கம் திரும்பவே இல்லை. நானும் எஸ்டேட்டில் பிறந்தவன்தான். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. யாரும் கேட்காமல் விட்ட குரல்களைத் தேடுகிறோம் என்று நீயும் நானும் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறோம்? நேரில் நின்று ‘நான் எடுக்கல’ என்று சொன்ன குரலை நான் கேட்கவில்லை.

ஒரு நாள் அலோர் காஜாவுக்குத் திரும்பும்போது நீ சிம்பாங் அம்பாட் நாற்சந்தியில் காரை ஓரம் கட்டினாய். “மச்சான், அந்த சுப்ரா அண்ணன் விஷயம்...” என்று ஆரம்பித்தாய். அந்தத் திருடன் பேரை எடுக்காதே என்று நான் சொன்னேன். நீ காரை எடுத்தாய். அன்று சொல்லத்தான் நிறுத்தினாயா? நான் இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா? இனி யாரைக் கேட்பேன்?

புறப்படும்போது உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரைக் கேட்டேன். வேலை, வீடு என்று ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். “அப்ப எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல. இப்பவும் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. என் பேரனுக்குக் கல்யாணம் பேசுறாங்க. பொண்ணு வீடு அலோர் காஜா. பழைய கதைய எவனாவது எடுப்பான்.”

அதனால்தான் இது திறந்த கடிதம், மச்சான். உனக்கு மட்டும் எழுதியிருந்தால் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது முதலில் கோபப்பட்டாள். செத்தவர் மானத்தை எடுத்துத்தான் நீங்கள் நல்லவர் ஆக வேண்டுமா என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு நாள் ஃபோனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். கிரேஸைப் பள்ளியில் விட்டுவிட்டு, தனியாகக் காரோட்டி கோலா சுங்கை பாருவுக்குப் போய் வந்திருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. “என் கல்யாணத்துக்காக ஒருத்தர் கெட்ட பேர வாங்கிக்கிட்டாரு. பன்னெண்டு வருசம் எனக்குத் தெரியாது” என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, “எழுதுங்கண்ணே. அவர் பேர மறைக்காம எழுதுங்க. மறைச்ச வரைக்கும் போதும்” என்றாள்.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் எல்லாரும் காப்பி குடிக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். பாதிப் பேருக்கு அந்த விஷயமே மறந்துபோயிருந்தது. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்த பேச்சு, பேசியவர்களுக்கு ஞாபகம்கூட இல்லை. அன்று சாயங்காலமே மலாக்கா டவுன் காப்பிக்கடைக்கும் போனேன். அங்கே ஒருவர், “அது பழைய கதைலா, விடுங்க” என்றார். விடவில்லை. முழுதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சுப்ரா அண்ணனிடம் போவதற்கு முன்பே நீலத்தை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ஊசி துள்ளுகிறது. அவள் பாட ஆரம்பிப்பதற்கு முன்பே தள்ளிவிடுகிறது. அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. அன்று சுப்ரா அண்ணன் திருப்பி நீட்டியபோது, அவரிடமே விட்டுவிட்டேன். எதற்கு என்று கேட்டார். நான் கொடுத்த கெட்ட பேருக்கு அத்தாட்சி உங்களிடமே இருக்கட்டும் என்றேன். யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நேற்று இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பு அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் அல்லவா? ஐஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார். உன் பேர் வரும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டார். முடிவில், ‘சுப்ரா அண்ணன் நம் இருவரையும் மன்னித்துவிட்டார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் அப்படிச் சொல்லலையே, சார்.”

“இல்ல அண்ணே. சொல்லல.”

“அப்ப அத எடுத்துருங்க.”

எடுத்துவிட்டேன், மச்சான்.

உன்மேல் உள்ள பாசம் குறையவில்லை. அதுதான் எனக்கே புரியவில்லை. உன் பாதித் தட்டுகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன, மீதியை அடுத்த வாரம் கொண்டுவருவேன். கிரேஸ் பெரியவளானதும் அவள் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்பாள். நீ நல்லவன் என்றும் சொல்வேன், பயந்துபோய் ஒரு மனிதரைப் பலி கொடுத்தாய் என்றும் சொல்வேன், அந்தப் பலியை முதலில் கேட்டவன் நான்தான் என்றும் சொல்வேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை விடமாட்டேன்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். ஒவ்வொரு மாதமும் கோலா சுங்கை பாருவுக்குப் போவேன். அவர் பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அந்த வார்த்தையை அவர் என்றைக்காவது தன் வாயால் சொன்னால், அன்றைக்கே உன் கல்லறைக்கு வந்து உனக்குச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் நாம் இரண்டு பேரும் அப்படியே இருக்க வேண்டியதுதான்.

ஸ்டெல்லாவின் அண்ணன், கிரேஸின் மாமா,
என்றும் உன் மச்சான்
சேவியர்
அலோர் காஜா